எங்க கம்பெனி பிளாப்பி மட்டும்

கம்ப்யூட்டரை ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் விற்க முடியும், அதற்கான பிளாப்பியை அவர் ஆயுசு முழுக்க விற்கலாம் என்பதுதான் எங்கள் தொழிலின் மூல மந்திரம்.

செல்போன் சார்ஜர் தொலைந்துபோய், அதே கம்பெனி சார்ஜருக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியவர்கள் இதைப் படிக்கலாம். பிரிண்டரை விட அதன் மைக்கு விலை அதிகமாக இருக்கிறதே என்று கடைக்காரரிடம் மல்லுக்கு நின்றவர்களும் படிக்கலாம். நீங்களெல்லாம் நம்ம கூட்டம். என்ன ஒன்று, நான் அப்போது கல்லாப்பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றேன்.

எண்பதுகளின் பின்பாதியில் மதுரை தல்லாகுளத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கிளை ஆபீஸ் இருந்தது. தலைமை ஆபீஸ் மெட்ராஸில். என் வேலைக்குக் 'கஸ்டமர் சப்போர்ட்' என்று பெயர். வாடிக்கையாளர் கம்பெனியைத் திட்டும்போது எதிரே நின்று கேட்டுக்கொள்வது என்று தமிழில் சொல்லலாம். செக்கானூரணிக்கு அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண் நான். பெயர் பாக்கியம். கணக்கில் ஒரு பட்டம், ஆபீஸ் கொடுத்த ஒரு மொபெட், தோளில் ஒரு ரெக்சின் பை. அந்தப் பைக்குள்தான் மதுரையின் மானமே இருந்தது. அதாவது, பிளாப்பிகள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை: பிளாப்பி என்பது அப்பளம் அகலத்தில் சதுரமான ஒரு கறுப்பு உறை. அதற்குள் காந்தம் பூசிய மெல்லிய தட்டு ஒன்று இருக்கும். கணக்கோ கடுதாசியோ, எதைச் சேமிப்பதாக இருந்தாலும் அதில்தான்.

ரெண்டும் ஒரே கறுப்பு

வேலையில் சேர்ந்த அன்று எங்கள் சர்வீஸ் இன்ஜினியர் காசிநாதன், ஆபீஸுக்கே காசி அண்ணன், இரண்டு பிளாப்பிகளை மேஜைமேல் வைத்தார். ஒன்றில் எங்கள் கம்பெனி ஸ்டிக்கர். இன்னொன்று கடைத்தெருவில் வாங்கியது. ஸ்டிக்கர் ஒட்டியதை மெஷினில் செருகினார். பசித்த பிள்ளை சோற்றைப் பார்த்த மாதிரி மெஷின் வாங்கிக்கொண்டது. கடைத்தெருப் பிளாப்பியைச் செருகினார். கர்ர், கர்ர் என்று இரண்டு உறுமல். பிறகு திரையில் பச்சை எழுத்தில், இது யாரென்றே எனக்குத் தெரியாது என்ற அர்த்தத்தில் ஒரு வரி.

"ரெண்டும் ஒரே பாக்டரியில செஞ்சதுதான்," என்றார் காசி அண்ணன். "நம்மது மட்டும் மெட்ராஸ் ஆபீஸ்ல இருக்க ஒரு மெஷினுக்குள்ள போயி, கண்ணுக்குத் தெரியாமக் கோடு போட்டுக்கிட்டு வருது. கோடு போட்ட நோட்டுலதான் எழுதுவேன்னு அடம் புடிக்குமே சில பிள்ளைக, அந்த மாதிரி இது. அந்தக் கோடு இல்லாட்டி எழுதவும் செய்யாது, படிக்கவும் செய்யாது."

அந்தக் கோட்டை இந்த மெஷினிலேயே போட்டுக்கொள்ள முடியாதா என்று கேட்டேன். மற்ற கம்பெனி மெஷின்களில் எல்லாம் முடியும், நம் மெஷினில் அந்தக் கட்டளையை வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள் என்றார். நான் இரண்டையும் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எடையும் ஒன்று, நிறமும் ஒன்று. "அப்ப ரெண்டுக்கும் என்னதாண்ணே வித்தியாசம்?" என்றேன்.

காசி அண்ணன் ஸ்டிக்கரைத் தடவிக்கொடுத்தபடி சொன்னார்: "நம்ம ரெண்டு பேரு சம்பளம், தங்கச்சி."

ஆசாரமான மெஷின்

தெற்கு வெளி வீதியில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருந்தார் ரஹ்மத்துல்லா பாய். சரக்கு இருப்புக் கணக்கு முழுவதையும் எங்கள் மெஷினில் ஏற்றியிருந்தார். ஒருநாள் போன் வந்தது, மெஷின் கெட்டுப்போச்சு, உடனே வா என்று. போனால், அவருடைய மருமகன் பம்பாயிலிருந்து ஆசையாக வாங்கி வந்த ஒரு பெட்டி பிளாப்பி மேஜைமேல் கிடந்தது. ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் உறுமல் வாங்கி, கடைசியில் கோபத்தில் அதில் ஒன்றின்மேல் டீ கிளாஸை வைத்திருந்தார்.

எனக்கு ஆபீஸில் சொல்லிக் கொடுத்த பதில் ஒன்றுதான். "மெஷின் நல்லாத்தான் இருக்கு பாய். எங்க பிளாப்பின்னா தரத்துக்கு நாங்க பொறுப்பு. வெளியில வாங்கினா உங்க டேட்டாவுக்கு ஆபத்து." பாய் என்னையே பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். கடைக்கு வந்திருந்த லாரி டிரைவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "யா அல்லாஹ்! தங்கச்சி, இந்த வசனத்தை நான் இந்தக் கல்லாவுல உக்காந்து எத்தனை வருசமா சொல்லிக்கிட்டு இருக்கேன் தெரியுமா? இந்தா நிக்கிறாருல்ல இந்த அண்ணன், இவர்கிட்டக் காலையிலதான் சொன்னேன். எனக்கே திருப்பிச் சொல்ல ஒரு ஆள் வரும்னு நினைக்கலம்மா."

தொழில் தெரிந்த மனிதர். சண்டை போடாமல் எங்கள் பிளாப்பி ஒரு பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தார். எனக்கு ஒரு டீயும் சொன்னார். நான் கிளம்பும்போது மெஷினைத் துண்டால் துடைத்துவிட்டுச் சொன்னார்: "விவரம் தெரியாமப் போச்சும்மா. உங்க மெஷின் ரொம்ப ஆசாரம், அடுத்த வீட்டுத் தண்ணி பல்லுல படாது."

எக்ஸிபிட்

வக்கீல் சதாசிவம் எங்கள் ஆபீஸுக்கு நாலு தெரு தள்ளி இருந்தார். கோர்ட்டுக்குப் போகிற மனுக்களையெல்லாம் எங்கள் மெஷினில் அடித்து வைப்பார். பிளாப்பி விலை ஏறிய மாதம் அவருக்குப் பொறுக்கவில்லை. எங்கள் கம்பெனி மேலேயே வழக்குப் போடுவதென்று முடிவு செய்து, வாடிக்கையாளரைக் கட்டிப்போட்டு வியாபாரம் செய்வது சட்டப்படி செல்லாது என்று ஒரு நோட்டீஸ் அடிக்க உட்கார்ந்துவிட்டார். பக்கம் பக்கமாகப் போயிருக்கிறது. நடுவில் பிளாப்பி நிறைந்துபோய், மேற்கொண்டு சேமிக்க இடமில்லை என்று சொல்லிவிட்டது மெஷின். கரண்டு போனால் அடித்தது முழுக்கப் போய்விடும்.

அவசரமாக போன் செய்தார். மொபெட்டில் பறந்து போனேன். வியர்த்து விறுவிறுத்து, மின்விசிறியைக்கூடப் போடாமல், ஃபியூஸ் போய்விடுமோ என்ற பயத்தில் சுவிட்ச் பக்கம் யாரையும் விடாமல் நின்றுகொண்டிருந்தார். புதுப் பிளாப்பியைச் செருகினேன். எங்கள் கம்பெனியை வறுத்தெடுத்த நோட்டீஸ், எங்கள் கம்பெனிப் பிளாப்பியிலேயே பத்திரமாக ஏறியது. திரையில் இரண்டு வரி படித்தேன். எனக்கே கம்பெனி மேல் கோபம் வந்தது, அப்படி எழுதியிருந்தார்.

"சார், இதுக்கு பில்லு..." என்று இழுத்தேன். திட்டு விழும் என்றுதான் நினைத்தேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றி முகம் துடைத்துவிட்டு, கோர்ட்டில் பேசுகிற குரலில் சொன்னார்: "கண்டிப்பாக் குடும்மா, முத்திரையோட குடு, இதைத்தானே நான் கோர்ட்டுல சாட்சிக்கு எக்ஸிபிட்டாப் போடப்போறேன்."

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே ஊசி

கே.கே. நகரில் குழந்தைகள் டாக்டர் கமலா. எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி எப்போது என்பதையெல்லாம் எங்கள் மெஷினில் வைத்திருந்தார். அவர் இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கினார், வேறு கம்பெனியில். நம் பிளாப்பியை அதில் போட்டால் அந்த மெஷின் உறுமுகிறது. அதன் பிளாப்பியை இதில் போட்டால் இது உறுமுகிறது. "பிள்ளைங்க என் பேஷண்ட். விவரம் என்னுது. அதை எடுத்து இன்னொரு பெட்டியில வைக்க எனக்கு உரிமை இல்லையா?" என்று டாக்டர் கேட்டார். வழி ஒன்றுதான் இருந்தது. இரண்டு மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நான் இதைப் பார்த்து வாசிக்க, நர்ஸ் மேரி அதில் அடிக்க வேண்டியது.

இடமில்லாததால் காத்திருக்கும் கூடத்திலேயே மேஜை போட்டோம். நான் சத்தமாக வாசித்தேன். "செந்தில்குமார், வயசு ஒண்ணரை." ஒரே நேரத்தில் மூன்று அம்மாக்கள் எழுந்தார்கள். அவரவர் மகனைத்தான் கூப்பிடுகிறேன் என்று! அப்புறம் அப்பா பெயரையும் சேர்த்து வாசித்தேன். அதிலிருந்து கூடமே எங்களோடு சேர்ந்துகொண்டது. "அது எம் மவன்தான், ஆனா கோயில்ல மொட்டை எடுத்தப்ப பேரை மாத்திட்டோம்." "அந்தப் புள்ள எங்க தெருதான், ஊசி போட்டுக் காச்சல் வந்ததுல இருந்து அவுக அம்மா இந்தப் பக்கமே வரல. நான் கையோட கூட்டிட்டு வாரேன்." இப்படியே ஒரு வாரம் போனது. போலியோ சொட்டு மருந்து கடைசித் தவணை விட்டுப்போன பிள்ளைகள் எங்கள் மெஷினில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தார்கள். இப்போது ஒவ்வொருவராக இடுப்பில் ஏறி வந்து சேர்ந்தார்கள். கோபத்தில் இருந்த டாக்டரம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டே சிரித்தார். உங்கள் கம்பெனி செய்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான், அதுவும் தெரியாமல் செய்தது என்றார்.

கடைசி நாள் மேரி கடைசிப் பெயரை அடித்து முடித்ததும் கூடத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். ஆனையூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா மட்டும் மகளை மடியில் வைத்துக்கொண்டு கவலையாக எங்களைப் பார்த்தபடி இருந்தார். பக்கத்தில் வந்து, மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, ஊசியாச்சும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே ஊசிதானே, இல்ல அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி வேறயா?"

உறைக்கு மோர்

உசிலம்பட்டி ரோட்டில் ஒரு நூல் மில் எங்கள் பெரிய வாடிக்கையாளர். தீபாவளி போனஸ் கணக்கை மெஷின் போட்டு முடிக்க, எழுதாத புதுப் பிளாப்பி சில வேண்டும். மில்லில் இல்லை. எங்கள் ஆபீஸிலும் இல்லை. மெட்ராஸிலிருந்து அனுப்பிய பார்சல் ரயிலில் எங்கேயோ தங்கிவிட்டது. நாளைக்குப் பட்டுவாடா. மறுநாள் தீபாவளி. கடைத்தெருவில் பெட்டி பெட்டியாகப் பிளாப்பி கிடக்கிறது, எங்கள் மெஷின்தான் தொடாதே!

நான் மில்லுக்குப் போய் இறங்கியபோது கேட்டில் பெரிய கூட்டம். தொழிற்சங்கச் செயலாளர் ஒச்சப்பன் முன்னால் நின்றார். மீசையைப் பார்த்தாலே வார்த்தை வராது. "நீ கருப்பையா மகதானே ஆத்தா? செக்கானூரணிச் சந்தையில உங்க அய்யாவைப் பாத்திருக்கேன்," என்றவர், அடுத்த மூச்சில், "ஒரு அட்டை இல்லைன்னா போனஸ் இல்லைங்கிறாரு முதலாளி. நாங்க நம்பணுமாக்கும்?" என்றார். நான் விவரம் சொன்னேன். எனக்கே நம்புகிற மாதிரி இல்லை. கூட்டத்தில் சத்தம் ஏறியது. அப்போதுதான் எனக்குத் தோன்றியது. வீட்டில் பாலுக்கு உறை ஊற்ற மோர் இல்லையென்றால் அம்மா என்ன செய்வாள்? கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவாள். மதுரையில் இதே மெஷின் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்களே!

"ஜீப்பை எடுங்க, கடன் வாங்கிட்டு வருவோம்," என்றேன். ஒச்சப்பன் நம்பாமல் கூடவே ஏறிக்கொண்டார். முதலில் ரஹ்மத்துல்லா பாய். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அலமாரியைத் திறந்து இருந்ததையெல்லாம் கொடுத்தார். "இன்ஷா அல்லாஹ் எல்லாருக்கும் காசு கிடைச்சிரும். எனக்கு அதிரசம் வந்து சேரணும்." டாக்டர் கமலா ஒன்று கொடுத்தார். கொடுத்துவிட்டு, "வீட்ல சின்னப் பிள்ளை இருக்கா? சொட்டு மருந்து முழுசாக் குடுத்தாச்சா?" என்று ஒச்சப்பனைக் கேட்டார். முதலாளியையே எதிர்த்துப் பேசுகிற மனிதர் பேத்தியை நினைத்துத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கடைசியாக வக்கீல். அவரிடம் இருந்தது எக்ஸிபிட்டுக்காக வாங்கி வைத்த உபரி ஒன்றுதான். உறையைக் கிழித்துக் கொடுத்தார், "இத்தனை பேர் தீபாவளிக்கு முன்னால என் கேஸு என்னத்துக்கு?" என்று.

மடங்கக் கூடாது, வெயில் படக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். ஒச்சப்பன் தோள் துண்டை உதறி, பிளாப்பிகளைச் சுற்றி, பச்சைப் பிள்ளையைத் தூக்கிப்போகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டார். ரோடு குலுங்கும் இடமெல்லாம் டிரைவருக்கு ஏச்சு. விளக்கு வைப்பதற்குள் கணக்கு முடிந்து பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. அந்தக் கர்ண கடூரமான சத்தத்துக்கு ஜன்னலுக்கு வெளியே விசில் பறந்தது. தாளில் தன் பெயரைப் பார்த்த ஒச்சப்பன் என் பக்கம் திரும்பினார்: "முதலாளி ஒழிகன்னுதான் இம்புட்டு நாளும் கோசம் போட்டோம் ஆத்தா, இனிமே உங்க கம்பெனி பேரையும் சேத்துக்கிறோம், நீ மட்டும் மனசுல வச்சுக்கிறாத."

தட்டு மாற்றிய கதை

அதன் பிறகு எங்கள் வாடிக்கையாளர்கள் ஒருவருக்கொருவர் பழகிவிட்டார்கள். யாருக்குப் பிளாப்பி தீர்ந்தாலும் ஆபீஸுக்கு போன் செய்வதற்கு முன் பாய்க்கு போன் செய்தார்கள். ஆனாலும் தட்டுப்பாடு அடிக்கடி வரும். அப்படி ஒரு சமயம், ஆளுக்கு ஒரு பெட்டிக்கு மேல் கிடையாது என்று மெட்ராஸ் உத்தரவு. ஆனையூரில் பள்ளிக்கூடம் நடத்துகிற வெள்ளைச்சாமி என்பவர் வந்து, பரீட்சை நேரம், இரண்டு பெட்டி தட்டு வேண்டும் என்று நின்றார். நான் ஒன்றுக்கு மேல் கொடுக்கவில்லை. மருந்துக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கூட்டுறவு சொசைட்டியில் வேலை. கேசரித் தட்டோடு கூடத்துக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் என்று நடுநாயகமாக உட்கார்ந்திருந்தவர் அதே வெள்ளைச்சாமி! அவரும் என்னைப் பார்த்தார். "என்னண்ணே, தெரிஞ்ச பொண்ணா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். "தெரியுமாவா? பரீட்சை நேரத்துல ஒரு பொட்டிக்கு மேல கிடையாதுன்னு என்னையத் திருப்பி அனுப்புன மகராசி இதுதான்!" அய்யாவின் முகம் விழுந்துவிட்டது. அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. எனக்குப் பிடித்திருந்த வரன். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "அன்னைக்கு எல்லாருக்கும் ஒரு பொட்டிதாங்க. உங்களுக்கு ரெண்டு குடுத்திருந்தா இன்னொருத்தருக்கு இல்லாமப் போயிருக்கும்," என்றேன். முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான்.

வெள்ளைச்சாமி கேசரியை ஒரு வாய் எடுத்துப் போட்டு, நிதானமாக மென்று, தங்கையைப் பார்த்துச் சொன்னார்: "என்னத்தா யோசிக்கிற, தட்டை மாத்து, இனிமே நம்ம பள்ளிக்கூடத்துக்குத் தட்டு வீட்டுக்குள்ள இருந்தே வந்துரும்."

எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள்

கல்யாணம் ஆன பிறகும் வெள்ளைச்சாமி மாமாவுக்கு ஒரு பெட்டிதான் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

கம்பெனி புது மாடல் கொண்டுவந்தது. அதை அறிமுகப்படுத்த மெட்ராஸிலிருந்து வரதன் என்ற பெரிய அதிகாரி வந்தார். தல்லாகுளத்தில் ஒரு ஹோட்டல் ஹாலில் கூட்டம், முடிந்ததும் பிரியாணி. பாய், வக்கீல், டாக்டர், ஆனையூர் மாமா, எல்லாரும் வந்திருந்தார்கள். மில் முதலாளியோடு ஒச்சப்பனும் வந்தார். புதுப் பெட்டி வந்தால் யார் வேலைக்கு உலை என்று நேரில் பார்க்காமல் சங்கம் சம்மதிக்காதாம். வரதன் இங்கிலீஷில் பேச, நான் தமிழில் சொன்னேன். புது மெஷினுக்குள்ளேயே பெரிய தட்டு ஒன்று நிரந்தரமாக இருக்கும். அது பழுதானால் எங்களிடம்தான் வாங்க வேண்டும். பிளாப்பியும் புது அளவு. "எங்ககிட்ட இருக்க பழசெல்லாம்?" என்று பாய் கேட்டார். பழைய பிளாப்பியைப் புது மெஷின் படிக்காது. எல்லாவற்றையும் மெட்ராஸுக்கு அனுப்பினால் கட்டணம் வாங்கிக்கொண்டு மாற்றித் தருவோம் என்றார் வரதன். பழைய மெஷினுக்குப் பிளாப்பி தயாரிப்பதையும் நிறுத்தப் போகிறோம் என்றார். நான் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

ஒச்சப்பன் முதலாளியின் காதில் ஏதோ சொன்னார். முதலாளி பாயிடம் குனிந்தார். பாய் டாக்டரிடம், டாக்டர் வக்கீலிடம். பிறகு எல்லாரும் ஒன்றாக எழுந்து, செருப்புச் சத்தம் கேட்க, எதிரே இருந்த டீக்கடைக்குப் போய்விட்டார்கள். ஹாலில் வரதனும் காசி அண்ணனும் நானும் பிரியாணி அண்டாவும்தான் மிச்சம். வரதன் முகம் சிவந்து என்னைப் பார்த்தார். "நீ யார் பக்கம்?" என்றார். "சார், நான் கஸ்டமர் சப்போர்ட்," என்றேன். காசி அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு இருமினார்.

அப்புறம் நான் ரோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடையாக நடந்தேன். ஒருத்தரும் புது மெஷின் வாங்கப் போவதில்லை, வாங்கினால் எல்லாரும் சேர்ந்து வாங்குவோம் என்பது டீக்கடைச் செய்தி. பழைய தட்டுகளை மதுரையிலேயே வைத்து இலவசமாக மாற்றித் தர வேண்டும். கோடு போடும் மெஷின் ஒன்று தல்லாகுளம் ஆபீஸுக்கு வர வேண்டும், யார் எங்கே பிளாப்பி வாங்கினாலும் அதில் கோடு போட்டுக்கொடுக்க வேண்டும். முதலாவதற்கு வரதன் சீக்கிரம் இறங்கி வந்தார். இரண்டாவதைக் கேட்டதும் நாற்காலியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டார். லைன் கிடைப்பதற்குள் பிரியாணி வாசம் டீக்கடை வரைக்கும் போனது, ஆனாலும் ஒருத்தர் அசையவில்லையே! கடைசியில் வரதன் ரிசீவரை வைத்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டினார். நான் வாசலில் இருந்தே கையை ஆட்டினேன். எல்லாரும் ஓடாத குறையாக ரோட்டைத் தாண்டி வந்தார்கள். பந்தியில் ஒச்சப்பன் முதலாளிக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார், முதல் தடவையாக. முதலாளி தன் கையால் அவருக்கு ஒரு கரண்டி பரிமாறினார். ஒச்சப்பன் மீசையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "பாத்தீகளா முதலாளி, சங்கம் எதுக்குன்னு கேப்பீகளே!"

கோடு போடும் இடம்

மெஷின் வந்தது. காசி அண்ணன் அதற்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தார். கடைத்தெருப் பிளாப்பிகளோடு ஆட்கள் மாடிப்படியில் வரிசையில் நின்றார்கள். எங்கள் பிளாப்பி விற்பனை படுத்தது, கூட்டம் ஏறியது. புது மெஷினும் நன்றாகவே விற்றது. மெட்ராஸுக்குத்தான் காரணம் புரியவில்லை. தல்லாகுளத்தில் ஏதோ மெஷின் வந்திருக்கிறதாம், எந்தத் தட்டைக் கொண்டுபோனாலும் சரிசெய்து தருகிறார்களாம் என்று ஊரெல்லாம் பேச்சு பரவிவிட்டது.

ஒரு மத்தியானம் மேலூரிலிருந்து ஒருவர் மஞ்சள் பையோடு வரிசையில் நின்று மேலே வந்தார். ரேடியோ செட்டுக் கடைக்காரராம். பையைக் கவிழ்த்தார். உள்ளே முழுக்கப் பாட்டுக் கேசட்டுகள். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் கைகூப்பிச் சொன்னார்: "இதுக்கும் அந்தக் கோட்டைப் போட்டுக் குடுங்கம்மா, கல்யாண வீடுகள்ல நாதஸ்வரம் கரகரங்குது."

வாடிக்கையாளரை வேறெங்கும் போகவிடாமல் ஒரே பட்டியில் அடைத்து வைத்தால், அவர்கள் கம்பெனியைப் பற்றித் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்பதை எங்கள் கம்பெனிக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை, பாவம்.